கல் மட்டும் போதாது

அன்புள்ள தங்கவயல் வாசகருக்கு,

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது என்ன கல், அதில் மினுங்குவது தங்கமா, கனிமப் படிகங்களுக்கு வெளிநாட்டில் லட்சக்கணக்கில் விலை கொடுக்கிறார்களாமே, மூடிக் கிடக்கும் சுரங்கத்துக்குள் இறங்கினால் இன்னும் கிடைக்குமா என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இறங்காதீர்கள். துணைக்கு வருவதாகச் சொன்ன நண்பரையும் தடுத்துவிடுங்கள்.

மேலே இருந்து பாறை விழும் என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். விழுவதும் உண்டு. அதைவிட வஞ்சகமானது காற்று. வேலை நடக்கும் சுரங்கத்தில் ராட்சத மின்விசிறிகள் இரவும் பகலும் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். மூடிய பிறகு யார் தள்ளுவார்கள்? முட்டுக் கொடுத்த மரங்கள் மக்கும்போது ஆக்ஸிஜனைத் தின்னும். பைரைட் போன்ற கந்தகத் தாதுக்கள் ஈரத்தில் சிதையும்போதும் தின்னும். மிஞ்சுவது நைட்ரஜனும் கரியமில வாயுவும் கலந்த செத்த காற்று. அதற்கு வாசனை கிடையாது, நிறமும் கிடையாது. நம் ஊரில் பாழுங்கிணற்றில் தூர் வார இறங்குவதற்கு முன் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது இதற்காகத்தான். காற்றில் 21 விழுக்காடு இருக்க வேண்டிய ஆக்ஸிஜன் 16, 17 ஆகக் குறையும்போதே சுடர் அணைந்துவிடும்; மனிதன் அப்போதும் நிதானத்தோடு திரும்பி ஏறிவிடலாம். 10க்குக் கீழே போனால் நினைவு தப்பும். இன்றைக்கு எல்லோரும் எல்.இ.டி. டார்ச்சோடு போகிறார்கள். ஆள் விழுந்த பிறகும் அது எரிந்துகொண்டேதான் இருக்கும்.

உங்கள் ஊர்ச் சுரங்கமோ 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. 2001இல் வேலை நின்றபின் அதன் ஆழத்தில் தண்ணீர்தான். போதாததற்கு, அனுமதியில்லாமல் கனிமம் எடுப்பது 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி குற்றம். ஆகவே அந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது.

அப்படியென்றால் மூடிய சுரங்கங்களிலிருந்து அந்தப் படிகங்களை எப்படித்தான் எடுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முறையாக எடுத்தவர்களின் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரில், அல்மா என்று ஒரு சின்ன ஊர். கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதன் பக்கத்தில் ஸ்வீட் ஹோம் என்ற சுரங்கத்தை 1870களில் வெள்ளிக்காகத் தோண்டினார்கள். வெள்ளி பெரிதாகக் கிடைக்கவில்லை. தாதுவோடு கூடவே சிவப்பாக ஒரு கல் வந்துகொண்டிருந்தது. வெள்ளி தேடியவர்களுக்கு அது இடைஞ்சல், கழிவோடு கழிவாகக் கொட்டினார்கள். அதுதான் ரோடோக்ரோசைட், அதாவது மாங்கனீஸ் கார்பனேட். செர்ரிப் பழச் சிவப்பில், ஒளி ஊடுருவும் சாய்சதுரப் படிகங்களாக உலகில் மிகச் சில இடங்களில்தான் அமைகிறது. அவற்றுள் ஸ்வீட் ஹோமுக்கு ஈடில்லை என்பது சேகரிப்பாளர்கள் பலரின் கட்சி. என் கட்சியும் அதுதான்.

1991இல் பிரையன் லீஸ் என்ற நிலவியலாளர் தலைமையில் ஒரு குழு அந்தச் சுரங்கத்தை மறுபடி திறந்தது. வெள்ளிக்காக அல்ல, படிகங்களுக்காக மட்டும். இதில் என்ன விசேஷம் என்றால், அவர்கள் அதைப் புதையல் வேட்டையாக நடத்தவில்லை. முழுச் சுரங்க வேலையாகவே நடத்தினார்கள். பாறையின் பிளவுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எந்த இரண்டு பட்டைகள் சந்திக்கும் இடத்தில் பொந்து விழுகிறது என்று வரைபடம் போட்டார்கள். பொந்து என்று நான் சொல்வதைச் சுரங்கக்காரர்கள் பாக்கெட் என்பார்கள். வெந்நீர்க் கரைசல் பாறைக்குள் புகுந்து ஓடிய காலத்தில் நிரம்பாமல் விட்டுப்போன வெற்றிடம் அது. படிகம் நெருக்கடி இல்லாமல் தன் முழு வடிவத்தில் வளர அந்த வெற்றிடம் வேண்டும்.

ரோடோக்ரோசைட் மென்மையான கல். கத்தி முனையால் கீறிவிடலாம். அதோடு மூன்று திசைகளில் சுத்தமாகப் பிளக்கும் குணம் உண்டு. பக்கத்தில் வெடி வைத்தால் அதிர்விலேயே உள்ளுக்குள் கீறல் ஓடிவிடும், விலை போச்சு. ஆகவே பொந்து இருக்கும் என்று சந்தேகப்பட்ட இடத்தை நெருங்கும்போது வெடியை நிறுத்திவிட்டு, வைரப் பல் பதித்த சங்கிலி ரம்பத்தால் பாறையைச் சுற்றி அறுத்தார்கள். துளைக்குள் ஹைட்ராலிக் ஆப்பு வைத்து மெதுவாகப் பிளந்தார்கள். 1992 கோடையில் திறந்த ஒரு பொந்தில் கிடைத்ததுதான் அல்மா கிங். ஒரு பக்கம் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் வரும் ஒற்றைப் படிகம், வெள்ளைக் குவார்ட்ஸ் மேல் உட்கார்ந்திருக்கிறது. இப்போது டென்வர் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2002இல் பள்ளி மாணவர்களின் முயற்சியால் ரோடோக்ரோசைட் கொலராடோவின் மாநிலக் கனிமமும் ஆனது. 2004இல் சுரங்கத்தை மறுபடியும் மூடினார்கள்.

பொந்துக்குள் போனால் படிகங்கள் எல்லாம் அலமாரியில் அடுக்கியதுபோல் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பல லட்சம் ஆண்டுகளில் பாறை அசைந்து, பாதி ஏற்கெனவே உடைந்து களிமண் சேற்றுக்குள் விழுந்து கிடக்கும். அந்தச் சேற்றை மூட்டை கட்டி வெளியே கொண்டுவந்து கழுவி, எந்தத் துண்டு எதிலிருந்து பெயர்ந்தது என்று உட்கார்ந்து பொருத்த வேண்டும். பிறகு ஒட்ட வேண்டும். இந்த இடத்தில் ஒரு தொழில் நாணயம் உண்டு. பெயர்ந்த துண்டை அதன் இடத்திலேயே ஒட்டினால் அது பழுதுபார்ப்பு. இல்லாத முனையைப் பிசினால் செய்து வைத்தால் அது வேறு. இரண்டையும் விற்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாதவரும் உண்டு. அதனால்தான் பழுத்த சேகரிப்பாளர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒளிவிளக்கை, அதாவது புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்ப்பார்கள். பசை பெரும்பாலும் வெளிறிய நீலத்தில் பளிச்சிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

வேலை நடக்கும் சுரங்கத்தில் நியாயம் வேறு. அங்கே இன்று யாரும் எடுக்காத படிகம் நாளை அரவை இயந்திரத்துக்குள் போய் மாவாகும். நமீபியாவின் சுமெப் சுரங்கம் இதற்குச் சரியான உதாரணம். செம்பு, ஈயம், துத்தநாகம் மூன்றும் கிடைத்த சுரங்கம். 1900இல் தொடங்கிய ஒரு ஜெர்மன் கம்பெனி அதைப் பெரிய அளவில் தோண்ட ஆரம்பித்தது; 1996இல் மூடினார்கள். 200க்கும் மேற்பட்ட கனிமங்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. அவற்றில் 50க்கும் மேற்பட்டவை உலகத்தில் முதன்முதலாக அறியப்பட்டதே அங்கேதான். வேறு இடங்களிலும் கிடைப்பவை அங்கே தனி அழகோடு வந்தன: மைநீல அசுரைட், மரகதப் பச்சை தியாப்டேஸ், கண்ணாடி போன்ற செருசைட். கம்பெனிக்கு இவையெல்லாம் உருக்க வேண்டிய தாது. அவற்றைக் காப்பாற்றியது யார் தெரியுமா? சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒளித்து வெளியே கொண்டுவந்த தொழிலாளிகள். சட்டப்படி திருட்டுதான். ஆனால் இன்றைக்கு உலக அருங்காட்சியகங்களில் நாம் வாய் பிளந்து பார்க்கும் சுமெப் படிகங்களில் கணிசமானவை அந்தச் சாப்பாட்டுப் பெட்டிகளின் வழியாக வந்தவைதான்.

அந்தக் கற்களோடு இருக்கும் லேபிள்களில் சுரங்கத்தின் பெயர் இருக்கும், விற்ற வியாபாரியின் பெயர் இருக்கும், வாங்கிய பிரபுவின் பெயர் இருக்கும். பாறைக்குள் கையை விட்டு எடுத்தவன் பெயர் இருக்காது. எனக்கு இந்த விஷயத்தில் தீராத கோபம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தக் கோபம்தான் முதலில் எட்டிப் பார்த்தது.

லேபிளைப் பற்றிப் பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. சுரங்கம் மூடி, தண்ணீர் ஏறி, நுழைவாயிலையும் சிமென்ட் போட்டு அடைத்துவிட்டால், அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் எதையும் சரிபார்க்க முடியாது. இந்தக் கனிமம் இந்த ஆழத்தில் இருந்தது என்பதற்கு அந்தச் சின்னச் சீட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. சீட்டு பொய் சொன்னால் அறிவியலே பொய் சொல்லும். இங்கிலாந்தில் அப்படித்தான் நடந்தது.

முதலில், சீட்டை மதித்தவரைச் சொல்லிவிடுகிறேன். ஆர்தர் ரஸ்ஸல் என்று ஒரு பிரபு இருந்தார், 1878இல் பிறந்தவர். கார்ன்வால் பக்கத்துச் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்த காலம் அது. அவர் சுரங்கம் சுரங்கமாக அலைந்தார், உள்ளே இறங்கினார், பழைய குடும்பங்களின் சேகரிப்புகள் விலைக்கு வந்தபோது வாங்கினார். எதை வாங்கினாலும் அதன் பழைய சீட்டைப் பத்திரப்படுத்தினார், தெரிந்ததை எல்லாம் எழுதி வைத்தார். 1964இல் அவர் இறந்தபோது 12,000க்கும் மேற்பட்ட மாதிரிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பிரிட்டிஷ் கனிமங்களைப் பற்றி ஆராய்கிறவர்கள் இன்றும் அங்கேதான் போகிறார்கள்.

அதே காலத்தில், அதே வட்டாரத்தில் ஆர்தர் கிங்ஸ்பரி என்று இன்னொருவர். அவரும் பெரிய சேகரிப்பாளர். பிரிட்டனில் இல்லை என்று நினைத்த அரிய கனிமங்களை வரிசையாகக் கண்டுபிடித்ததாக அறிவித்தவர். 1968இல் காலமானார். அவருடைய சேகரிப்பும் அதே அருங்காட்சியகத்துக்கு வந்தது. பிற்பாடு மற்றவர்கள் அவர் சொன்ன இடங்களுக்குப் போய்த் தேடினால் அந்தக் கனிமம் ஒரு பொட்டுகூட இல்லை. 1990களின் இறுதியில் ஆய்வாளர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகப் பழைய சேகரிப்புகளோடு ஒப்பிட்டார்கள். எங்கோ கிடைத்த கல்லுக்கு இங்கே கிடைத்ததாகச் சீட்டு எழுதியிருந்தார் மனிதர். கற்கள் அசல், சீட்டுதான் போலி. ஒன்றிரண்டு என்றால் தள்ளிவிடலாம். எது மெய் எது பொய் என்று பிரிக்க முடியாததால் அவர் கை பட்ட பதிவுகள் அத்தனையும் சந்தேகத்துக்கு ஆளாகிவிட்டன. நல்ல கல்லையும் ஒரு பொய்ச் சீட்டு கெடுத்துவிடும் என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் தேவையில்லை.

இனி உங்கள் கல். புகைப்படத்தில் பார்த்தவரை, கருமை கலந்த சாம்பல் நிறக் குவார்ட்ஸ். அதில் ஒட்டியிருக்கும் மஞ்சள் மினுக்கில் சதுர முகங்கள் தெரிகின்றன, முகங்களின்மேல் மெல்லிய நேர்க்கோடுகளும் தெரிகின்றன. எனக்குப் பைரைட் என்றே படுகிறது. நிச்சயப்படுத்த வேண்டுமானால் ஓரத்தில், கண்ணில் படாத இடத்தில், குண்டூசி முனையால் ஒரு துளியை அழுத்திப் பாருங்கள். தங்கம் என்றால் பள்ளம் விழும். பைரைட் என்றால் நொறுங்கும், இல்லையென்றால் ஊசி வழுக்கும். உதிர்ந்த துகள் ஏதாவது இருந்தால் குளியலறை டைல்ஸின் பின்பக்கம், பளபளப்பில்லாத பக்கத்தில், தேய்த்துப் பாருங்கள். தங்கம் தங்க நிறத்திலேயே கோடு போடும். பைரைட் பச்சை கலந்த கறுப்பில் போடும். ஏமாற்றமாக இருக்கிறதா? தங்கவயலில் கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லை அரைத்தால்தான் சில கிராம் தங்கம். கண்ணுக்குத் தெரியும் தங்கத்தோடு ஒரு கல் டிரங்குப் பெட்டியில் சும்மா கிடந்திருக்காது.

சந்தை விலை என்று கேட்டால், இப்போதைக்கு ஒன்றுமில்லை. அதில் எதுவும் எழுதப்படவில்லை என்பதுதான் காரணம். ஆகவே இந்த வாரமே பாட்டியிடம் உட்காருங்கள். தாத்தா எந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தார், சாம்பியன் ரீஃபா, மைசூர் மைனா, நந்திதுர்க்கமா, ஊரிகமா? எந்த ஷாஃப்ட்? எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை? கல் எப்போது வீட்டுக்கு வந்தது? பாட்டி சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். நீங்களாக ஊகித்துச் சேர்ப்பதைத் தனியாக, ஊகம் என்று குறித்து எழுதுங்கள். தெரியாததை நிரப்ப வேண்டாம், கோடு போட்டு விட்டுவிடுங்கள். வேலை முடிந்து ஏறி வருகிறவர்களைச் சோதனை போட்ட சுரங்கத்திலிருந்து இந்தக் கல் எப்படி வெளியே வந்தது என்பதைப் பாட்டி சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். சீட்டில் தாத்தாவின் பெயரை முழுசாக எழுதுங்கள், இனிஷியலோடு.

எழுதியபின் கல்லின் அடிப்பக்கத்தில் பட்டாணி அளவுக்கு வெள்ளைப் பூச்சு வைத்து, காய்ந்ததும் அதன்மேல் கறுப்பு மையில் ஓர் எண் போடுங்கள். அதே எண்ணைச் சீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் போடுங்கள். அருங்காட்சியகங்கள் இன்றும் செய்வது இதைத்தான். சீட்டும் கல்லும் பிரிந்து போனாலும் எண் இரண்டையும் சேர்த்துவிடும்.

பைரைட் என்பதால் இன்னொரு எச்சரிக்கை. ஈரக் காற்றில் அது மெல்ல மெல்லச் சிதைந்து கந்தக அமிலத்தை உண்டாக்கும். கல்லில் வெள்ளைப் பொடி பூக்கும், புளித்த கந்தக நெடி வரும், கீழே வைத்த அட்டைப் பெட்டி பழுப்பேறி ஓட்டை விழும். முதலில் அழிவது சீட்டுதான். ஆகவே கல்லையும் சீட்டையும் தனித்தனி உறையில் வையுங்கள். மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருந்து, காற்றுப் புகாத டப்பாவில் கல்லோடு போடுங்கள். தண்ணீரில் கழுவாதீர்கள்; பளபளப்பாக்கிவிடலாம் என்று யாராவது ஆசிட் புட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில், இப்படி எல்லாவற்றையும் பெயர்த்து எடுப்பது பாவம் இல்லையா என்று பென்சிலில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். சில இடங்களில் பாவம்தான். மெக்ஸிகோவின் நைக்கா சுரங்கத்தில், தரைக்கு ஏறத்தாழ 300 மீட்டர் கீழே, 2000இல் ஒரு குகை திறந்தது. உள்ளே ஆளைவிடப் பருமனான செலினைட் படிகத் தூண்கள், நீளம் 11 மீட்டர் வரை. வெப்பம் 50 டிகிரிக்கு மேல், காற்று முழுக்க ஈரம். உடலைக் குளிர்விக்கும் தனி உடை இல்லாமல் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. சுரங்கத்து பம்புகள் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்ததால்தான் அந்தக் குகைக்குள் மனிதர் நுழைய முடிந்தது. 2015இல் இறைப்பது நின்றது, தண்ணீர் ஏறிவிட்டது. அந்தப் படிகங்கள் அவை பிறந்த வெந்நீருக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டன. அதே சுரங்கத்தில் மேல்மட்டத்தில், 1910இல் கண்டுபிடித்த வாள்களின் குகையிலிருந்து எத்தனையோ படிகங்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். கீழ்க் குகைக்கு அந்தக் கதி வரவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான், நான் இனி அதைப் பார்க்கவே முடியாது என்றாலும்.

சுரங்கத்துக்குள் இறங்காமலே சேகரிக்க வழி உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஃபிராங்க்ளின் என்ற ஊர். அதன் துத்தநாகச் சுரங்கத்தை 1954இல் மூடினார்கள், பக்கத்திலிருந்த ஸ்டெர்லிங் ஹில் 1986 வரை தாக்குப்பிடித்தது. இரண்டிலும் சேர்த்து 300க்கும் மேற்பட்ட கனிமங்கள். ஸ்டெர்லிங் ஹில் இப்போது சுரங்க அருங்காட்சியகம். ஃபிராங்க்ளினில் சுரங்கக் கழிவைக் கொட்டிய மேட்டில், கட்டணம் கட்டிவிட்டு யாரும் கல் பொறுக்கலாம். பகலில் பார்த்தால் அந்தக் கற்களுக்கும் ஜல்லிக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. இருட்டில் குற்றலை புற ஊதா விளக்கைக் காட்டினால் வில்லமைட் எலுமிச்சைப் பச்சையாக எரியும், சுற்றியுள்ள கால்சைட் தணல் சிவப்பாக எரியும். குழந்தைகள் கத்துவார்கள், பெரியவர்களும்தான். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

நம் நாட்டில் பார்க்க வேண்டும் என்றால் நாசிக் பக்கம் சின்னர் போங்கள். அங்கே கார்கோட்டி என்ற கனிம அருங்காட்சியகம் இருக்கிறது. தக்காணத்து எரிமலைப் பாறையில், புனே, ஜல்காவ்ன் பக்கத்துக் கல்குவாரிகளில் கிடைத்த அபோஃபிலைட், ஸ்டில்பைட், ஸ்கோலசைட் எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஜல்லி உடைக்கும் குவாரியில் கிடைத்தவை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கல்லைப் பார்த்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடாதீர்கள், பக்கத்திலிருக்கும் லேபிளையும் படியுங்கள். ஊர், குவாரி, ஆண்டு என்று எவ்வளவு தூரம் எழுதியிருக்கிறார்கள், எங்கே விட்டிருக்கிறார்கள் என்று கவனித்து எனக்கும் எழுதுங்கள். பாட்டி சொன்னதன் நகல் ஒன்றையும் அனுப்பினால் மகிழ்வேன்; சாம்பியன் ரீஃப் என்றால் நான் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்